பன்னிரண்டு ஆண்டு மௌனம்: ரசீன் ஏன் நிறுத்தினார்?

1677 ஜனவரி 1 அன்று பாரிஸில் ஒத்தெல் த பூர்கோஞ் அரங்கில் ழான் ரசீனின் 'ஃபேத்ர்' மேடையேறியது. கணவன் ஊரில் இல்லாத வேளையில் அவனுடைய மூத்த தாரத்து மகன் மீது ஆசை வைத்து, அந்த ஆசையாலேயே தானும் அழிந்து அவனையும் அழிக்கும் ஓர் அரசியின் கதை. இரண்டு நாள் கழித்து, சேன் நதியின் மறுகரையில் கெனெகோ அரங்கில் அதே கதை இன்னொரு நாடகமாக வந்தது. எழுதியவர் நிக்கோலா பிரதோன். ரசீனைப் பிடிக்காதவர்கள் ஏற்பாடு செய்த போட்டி அது. புய்யோன் சீமாட்டி இரண்டு அரங்கிலும் இருக்கைகளை மொத்தமாக வாங்கி, ஒன்றை நிரப்பி மற்றொன்றைக் காலியாக வைத்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. பிரதோனின் நாடகம் சீக்கிரமே அடங்கிப்போனது. 'ஃபேத்ர்' இன்றுவரை நிற்கிறது.

ரசீனுக்கு அப்போது வயது 37. 1664 முதல் பத்து நாடகங்கள் எழுதியிருந்தார்: ஒன்பது துன்பியல், ஒரு நகைச்சுவை. அதற்குப் பிறகு பொது அரங்குக்கென்று அவர் ஒரு நாடகம்கூட எழுதவில்லை. அடுத்த நாடகம் வந்தது 1689இல், அதுவும் பள்ளிச் சிறுமிகள் நடிப்பதற்காக.

உச்சத்தில் இருந்தவர் ஏன் பேனாவைக் கீழே வைத்தார்? பிரெஞ்சுச் செவ்வியல் நாடகம் பற்றிய ஆய்வில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறே இருக்கிறது. சொல்லப்பட்ட விடைகளை வரிசையாகப் படித்தால் ரசீனைவிட விடை சொன்னவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியவருகிறது. இன்னொன்றும் தெரியவருகிறது. கேள்வியே யாரோ ஒருவர் கட்டிக்கொடுத்தது.

கட்டிக்கொடுத்தவர் மகன். ரசீனின் கடைசிப் பிள்ளை லூயி ரசீன், தந்தை 1699இல் இறந்தபோது ஆறு வயதுச் சிறுவன். தானும் கவிஞராக வளர்ந்து, 1747இல் தந்தையின் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டார். பக்தியுள்ள பிள்ளை பக்தியுள்ள தகப்பனைப் பற்றி எழுதிய புத்தகம். 'ஃபேத்ர்' சண்டையில் மனம் வெறுத்து, இளமையில் கற்ற சமயம் திரும்ப வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள, தந்தை கடுந்துறவியாகவே போகப் பார்த்தாராம். அவருடைய பாவ அறிக்கையைக் கேட்ட குருவானவர்தான் துறவு வேண்டாம், கல்யாணம் செய்துகொள் என்று சொல்லித் திருப்பினாராம். அப்படி வந்த மனைவி கணவரின் நாடகங்களைப் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை. பேச்சுவாக்கில் தலைப்புகள் மட்டும் தெரியும் என்கிறார் மகன். தந்தை எந்த நடிகையையும் காதலித்ததே இல்லை என்றும் சாதிக்கிறார். நடிகைகளோடு அவருக்கிருந்த காதல் ஊரறிந்தது என்பதால், அந்த இடத்தில் எவருக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் மகன் சொன்னதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ரசீனின் தாய் அவருக்கு ஒரு வயதிலும் தந்தை மூன்று வயதிலும் இறந்தார்கள். பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி, அத்தை என்று குடும்பமே போர்-ருவாயால் மடத்தோடு பிணைந்திருந்தது. மனிதனின் முயற்சியால் அல்ல, இறைவனின் அருளால் மட்டுமே மீட்சி, அந்த அருளும் எல்லோருக்கும் கிடைக்காது என்று நம்பிய ஜான்செனியர்களின் கோட்டை அது. அந்த மடத்தைச் சார்ந்த பள்ளியில்தான் அவர் கிரேக்கம் கற்றார். நாடகம் பாவம் என்று சொன்னவர்களே யூரிப்பிடீஸை மூலத்தில் படிக்கும் திறனை அவர் கையில் கொடுத்தார்கள். 1666இல் அங்கிருந்த ஆசிரியர் பியேர் நிக்கோல், வேறொருவரோடு நடந்த சண்டையின் நடுவே, நாவல் எழுதுபவனும் நாடகக் கவிஞனும் பொதுமக்களுக்கு நஞ்சு வைப்பவர்கள், உடலுக்கு அல்ல ஆன்மாவுக்கு, என்று எழுதிவிட்டார். அது தன்னைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்ட ரசீன், வளர்த்தவர்களையே குத்திக் கிழித்து ஒரு பதில் வெளியிட்டார்.

(இந்த நஞ்சுக்கு ஒரு பின்கதை உண்டு. 1679இல் பாரிஸை உலுக்கிய விஷ வழக்கில், லா வுவாசன் என்ற பெண், 1668இல் இறந்துபோன நடிகை தியு பார்க்கை ரசீன்தான் விஷம் வைத்துக் கொன்றார் என்று வாக்குமூலம் கொடுத்தாள். கைதுக்கான உத்தரவு எப்போது வேண்டுமானாலும் அனுப்பப்படும் என்று 1680 ஜனவரியில் அமைச்சர் லூவுவா ஒரு கடிதமே எழுதினார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாவலில் இப்படி எழுதினால் மிகையாக இருக்கிறது என்று வெட்டிவிடுவார்கள்.)

ஆக, அனாதைச் சிறுவன், கண்டிப்பான மடம், கிளர்ச்சி, குற்ற உணர்வு, திரும்புதல். மகன் வரைந்த இந்தக் கோட்டில்தான் இருநூறு ஆண்டுகள் எல்லோரும் நடந்தார்கள். 'ஃபேத்ர்' முன்னுரையும் அதற்கு வாகாக இருந்தது. நாடகத்தைக் கண்டித்த பக்திமான்களோடு துன்பியலைச் சமாதானம் செய்துவைக்க ஒரு வழி இருக்கிறது என்று ரசீனே அதில் எழுதியிருக்கிறார்.

மகன் வரைந்த அந்தக் கோட்டை முதலில் பலமாக அழித்தவர் சோர்போன் பேராசிரியர் ரேமோன் பிக்கார். 1956இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே விஷயம் இருந்தது: ரசீனின் 'தொழில் வாழ்க்கை'. ஆவணங்களையும் கடிதங்களையும் பணக்கணக்குகளையும் அடுக்கிக்கொண்டு போகிறார். 1673 ஜனவரியில் பிரெஞ்சு அகாதெமியில் இடம். 1674இல் மூலேன் மாவட்டத்தின் அரசுப் பொருளாளர் பதவி. 1677இல் நல்ல சீதனத்தோடு கல்யாணம். அதே ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் ரசீனையும் நண்பர் புவாலோவையும் தம் அரசவை வரலாற்றாசிரியர்களாக நியமிக்கிறார். அக்டோபரில் செவிஞ்ஞே சீமாட்டி ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்: இருவருக்கும் 2,000 எக்கு மானியம், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மன்னரின் வரலாற்றை எழுதச் சொல்லி உத்தரவு.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு. மர்மம் இத்தோடு முடிந்தது என்பார் பிக்கார். அன்றைய கண்ணுக்கு நாடகக்காரன் என்பது கைதட்டல் வாங்கும் கூலிக்காரன். மன்னரோடு போர்க்களம் சென்று அவர் புகழை எழுதுவது எங்கோ மேலே இருக்கும் இடம். ரசீன் மௌனமாகவில்லை, பதவி உயர்வு பெற்றார். இலக்கியத்தைத் தெய்வமாக்கிய பிற்காலத்தாருக்குத்தான் அது தியாகமாகவோ துயரமாகவோ தெரிகிறது. மனம் மாறிப் பழைய நாடகங்களை வெறுத்தவராக இருந்திருந்தால் 1687இலும் மறுபடி 1697இலும் அவற்றை வரிவரியாகத் திருத்திப் பதிப்பித்திருக்க மாட்டாரே என்ற கேள்வியும் இங்கே சேர்ந்துகொள்கிறது.

பிக்காருக்கு ஓராண்டு முன்பு, 1955இல், முற்றிலும் வேறு திசையிலிருந்து ஒரு விடை வந்திருந்தது. புக்காரெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மார்க்சியர் லூசியன் கோல்ட்மனின் 'மறைந்திருக்கும் கடவுள்'. சிந்தனையாளர் பாஸ்கலையும் ரசீனையும் சேர்த்துப் படிக்கும் நூல். பரம்பரையாக நீதி, நிர்வாகப் பதவிகளை வகித்துவந்த வர்க்கம் ஒன்று பிரான்சில் இருந்தது. முடியாட்சி வலுப்பட வலுப்பட அவர்களுடைய அதிகாரம் கையைவிட்டுப் போனது. ஆனால் பதவியைத் தந்தவரே மன்னர் என்பதால் எதிர்க்கவும் வழியில்லை. உலகத்தில் வாழ்ந்தாக வேண்டும், உலகத்தை ஏற்கவும் முடியாது. ஜான்செனியம் அவர்களிடையே வேர்விட்டதற்குக் காரணம் இந்த முடிச்சு என்கிறார் கோல்ட்மன். ரசீன் நாடகத்தின் உருவமும் இதுவே: எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிற, எப்போதும் பேசாத ஒரு கடவுள், சமரசத்துக்கு வராத ஒரு மனிதன், சமரசத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத உலகம். 'ஃபேத்ர்' இந்தத் தரிசனத்தின் எல்லை. அதற்கப்பால் துன்பியலில் போக இடமில்லை. 1689 முதல் வந்த இரண்டு விவிலிய நாடகங்களில் கடவுள் வெளிப்படையாகவே செயல்படத் தொடங்கிவிடுகிறார்.

கட்டடம் கம்பீரமானது. சிக்கல் என்னவென்றால் 'ஆந்த்ரொமாக்', 'பிரித்தானிக்குஸ்' எழுதிய காலத்தில் ரசீன் போர்-ருவாயாலின் முகத்தில் விழிக்காதவர். கோல்ட்மனுக்கு இது பொருட்டல்ல; நனவோடு நம்புவது வேறு, ஒரு வர்க்கத்தின் பார்வை எழுத்துக்குள் உருக்கொள்வது வேறு என்பார். வேதியியல் படித்து, கண்பார்வை மங்கி, இலக்கியத்துக்கு வந்த ஷார்ல் மோரோன் 1957இல் இதே நாடகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து அடியில் உளவியல் முடிச்சு ஒன்றைக் கண்டார்: துரத்துகிற தாயுருவங்கள், 'மித்ரிதாத்' நாடகத்திலிருந்து திரும்பி வருகிற தந்தை. மோரோனில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. ஆனால் ரசீன் நாடகங்களின் பெண்களான அக்ரிப்பீன், ரொக்ஸான், ஃபேத்ர் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னது வீண் வேலை அல்ல.

1963இல் விமரிசகர் ரோலான் பார்த்தின் 'ரசீன் குறித்து' வந்தது. பார்த் இந்தக் கேள்வியையே தூக்கி எறிந்தார். ரசீன் என்ற மனிதர் ஏன் நிறுத்தினார், யாரைக் காதலித்தார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். பதினோரு துன்பியல்களையும் ஒரே நிலம்போல, அதில் வாழும் ஓர் இனக்குழுவைப்போலப் பார்க்கிறார். அ என்பவருக்கு ஆ மீது முழு அதிகாரம். அ ஆவைக் காதலிக்கிறார். ஆ, அ-வைக் காதலிக்கவில்லை. இந்த ஒரு சமன்பாட்டின் மீது ரசீன் உலகம் நிற்கிறது என்றார். இடத்தையும் மூன்றாகப் பிரித்தார். அதிகாரம் உறையும் உள்ளறை. எல்லோரும் காத்துக்கிடந்து பேசுகிற முன்கூடம், அதுதான் மேடை. அதற்கு வெளியே ஓட்டமும் நிகழ்ச்சியும் சாவும்.

இந்த மூன்றாவது விஷயத்தை விளக்க அன்றைய மேடை விதிகளைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கதை ஒரே நாளில் முடியவேண்டும், ஒரே இடத்தில் நடக்கவேண்டும், ஒரே செயலைச் சுற்றியிருக்க வேண்டும். நம்பத்தக்கதாக இருக்கவேண்டும், கண்ணியம் கெடக்கூடாது, அதாவது வாள்வெட்டும் ரத்தமும் கண்முன்னே வேண்டாம். 1637இல், ரசீனுக்கு முந்திய தலைமுறை நாடகாசிரியர் கொர்னேயின் 'லெ சிட்' பெருவெற்றி பெற்றபோது, அது விதிகளை மீறியதா என்று புதிதாகத் தொடங்கியிருந்த அகாதெமியே உட்கார்ந்து தீர்ப்பு எழுதியது. மகள் தன் தந்தையைக் கொன்றவனை மணக்கச் சம்மதிப்பது நம்பும்படி இருக்கிறதா என்பது சண்டையின் மையம். ஒரே நாளில் இத்தனையுமா என்பது உபகேள்வி. கொர்னேய் இந்த விதிகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். ரசீனுக்கு அவை சட்டையைப்போலப் பொருந்தின. 'பஜாஸே' நாடகத்தில் சுல்தானின் அந்தப்புரத்தில் ரொக்ஸான், தன்னைக் காதலிக்க மறுக்கும் பஜாஸேயிடம் கடைசியில் ஒரே சொல் சொல்கிறாள்: வெளியே போ. வாசலுக்கு அப்பால் கழுத்தில் கயிறு இறுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஒரே இடம் என்ற விதியும் ரத்தம் காட்டாதே என்ற விதியும் சேர்ந்து, மேடையைவிட்டு இறங்குவதையே மரணமாக்கிவிட்டன. பார்த் இதைப் பார்த்த விதத்துக்காகவே அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்.

பிக்கார் வெகுண்டார். 1965இல் 'புதிய விமரிசனமா, புதிய மோசடியா' என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் பிடித்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு இது. 'பிரித்தானிக்குஸ்' நாடகத்தில் நீரோ, ஜூனி என்ற இளம்பெண்ணிடம், அவள் காலடியில் எப்போதாவது வந்து 'மூச்சுவிட' வேண்டும் என்கிறான். பார்த் அதிலே காற்றுக்கு ஏங்கும், மூச்சுமுட்டும் மனிதனைக் காண்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு இளைப்பாறுதல் என்று பொருள், அகராதியைத் திறந்து பாருங்கள் என்கிறார் பிக்கார். பார்த் 1966இல் 'விமரிசனமும் உண்மையும்' என்று பதில் எழுதினார். பதிப்பகம் அந்தப் புத்தகத்தில் சுற்றிய காகிதப் பட்டையில் 'ரோலான் பார்த்தை எரிக்க வேண்டுமா?' என்று அச்சிட்டிருந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

அகராதியில் பிக்கார் சொன்னதே சரி. ஆனால் இளைப்பாறுவதைச் சொல்ல மொழி மூச்சை ஏன் எடுத்துக்கொண்டது, அத்தனை சொற்கள் இருக்க ரசீன் நீரோவின் வாயில் இதை ஏன் வைத்தார் என்ற கேள்வியை அகராதி மூடிவிடாது. பழம்பாட்டுக்கு உரைகண்டவர்களிடையே நம்மிடமும் இந்தச் சண்டை உண்டு: சொல்லின் அக்காலப் பொருளோடு நிற்பதா, சொல்லுக்குள் கிடக்கும் படிமத்தைக் கிளறுவதா? இதில் வேடிக்கை என்னவென்றால், மகன் எழுதிய பக்திக்கதையை முதலில் உடைத்த பிக்காரையே இளைஞர்கள் பழமைவாதத்தின் பொம்மையாக்கிவிட்டார்கள். சோர்போனுக்கும், பார்த் கற்பித்த உயர்கல்வி ஆய்வுப் பள்ளிக்கும் இடையே இருந்த நிறுவனப் போட்டி பாதிக் காரணம். ரசீன் அந்தச் சண்டையின் மைதானம் மட்டுமே.

புழுதி அடங்கிய பிறகு வந்தவர் ழோர்ழ் ஃபொரெஸ்தியே. ப்ளெயாத் என்ற புகழ்பெற்ற நூல்வரிசையில் வந்த ரசீன் தொகுப்பின் பழைய பதிப்பு பிக்காருடையது. 1999இல் வந்த புதியது இவருடையது. 2006இல் பெரிய வாழ்க்கை வரலாறு ஒன்றும் எழுதினார். ஆத்மாவிலிருந்தோ வர்க்கத்திலிருந்தோ அல்ல, பட்டறையிலிருந்து அவர் தொடங்குகிறார். அன்றைய நாடகாசிரியன் எதிலிருந்து ஆரம்பித்தான்? முடிவிலிருந்து. வரலாறோ புராணமோ தரும் முடிவை எடுத்துக்கொண்டு, அது எப்படி நேர்ந்திருக்க முடியும் என்று பின்னோக்கி நடந்தான். 'பெரெனீஸ்' இதற்குத் தெளிவான சான்று. டைட்டஸ் பேரரசன், தனக்கும் விருப்பமில்லாமல் அவளுக்கும் விருப்பமில்லாமல் பெரெனீஸ் அரசியை ரோமிலிருந்து அனுப்பிவிட்டான் என்று சுவெட்டோனியஸ் எழுதிய ஒற்றை வாக்கியம்தான் கரு. கொலை இல்லை, சதி இல்லை. பிரிவதென்று தெரிந்த இருவர் பிரிவைச் சொல்லிமுடிக்க ஐந்து அங்கம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை ஆக்குவதே புனைவு என்று அதன் முன்னுரையில் ரசீன் மார்தட்டுகிறார். 1670 நவம்பர் 21இல் அது அரங்கேறியது. ஒரு வாரத்தில் அதே கதையில் கொர்னேயின் நாடகம் மொலியேர் குழுவால் மேடையேறியது. முதியவர் தோற்றார்.

ரசீனின் கையெழுத்தில் எழுதாத நாடகமொன்றின் முதல் அங்கத் திட்டம் மிஞ்சியிருக்கிறது: 'தவ்ரிதில் இஃபிஜெனி'. முழுக்க உரைநடை. யார் வருகிறார், என்ன சொல்கிறார், ஏன் போகிறார் என்று காட்சி காட்சியாக. திட்டம் முடிந்ததும் துன்பியல் முடிந்துவிட்டது என்பாராம்; செய்யுள் மட்டும்தான் பாக்கி. அந்தச் செய்யுள் என்பது வரிக்குப் பன்னிரண்டு ஒலியசை, ஆறில் ஒரு நிறுத்தம், இரண்டிரண்டு வரிக்கு ஓர் இயைபு. நம் நேரசை நிரையசைக் கணக்கல்ல, உயிரொலிகளை எண்ணும் கணக்கு. உலகமே வியக்கும் அந்த வரிகளை அவர் கடைசி வேலையாக வைத்திருந்தார் என்பது முதன்முறை படித்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இந்தத் தகவலைத் தருபவரும் மகன் லூயிதான். அவரை விட்டு யாராலும் தப்ப முடியவில்லை.

பட்டறைக் கண்ணால் பார்த்தால் 1677க்குப் பின்னும் ரசீன் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. லுல்லியின் இசைநாடகங்கள் அரசவையைப் பிடித்துக்கொண்ட காலம் அது. மன்னரைச் சுற்றியிருந்த சீமாட்டிகள் கேட்டதற்காக ரசீனும் புவாலோவும் ஓர் இசைநாடகம் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். 1685இல் லுல்லி இசையமைக்க ஒரு பாடல்தொடர் எழுதிக்கொடுத்தார். பிறகு மன்னர் ரகசியமாக மணந்துகொண்ட மந்த்னோன் சீமாட்டி வந்தார். வசதியற்ற பிரபுக் குடும்பப் பெண்களுக்காக சன்-சீரில் பள்ளி நடத்தியவர். சிறுமிகள் 'ஆந்த்ரொமாக்' நடித்தார்கள். அளவுக்கு மீறி நன்றாக நடித்துவிட்டார்கள், இனி உங்கள் நாடகம் எதையும் நடிக்கமாட்டார்கள் என்று அவர் ரசீனுக்கு எழுதினார். காதல் இல்லாத, பக்தியான ஒன்று கேட்டார். அப்படி வந்தவைதான் 1689இன் 'எஸ்தர்', 1691இன் 'அத்தாலி'. மன்னர் சொன்னபோது நிறுத்தினார், மன்னர் மனைவி கேட்டபோது எழுதினார்.

இந்த விடை எனக்குப் பெரும்பாலும் போதும். முழுக்கப் போதாது என்பதற்கு அவருடைய உயில் சாட்சி. போர்-ருவாயாலை மன்னர் வெறுத்தார் என்பது ரசீனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த மடத்தின் வரலாற்றை யாருக்கும் காட்டாமல் எழுதிவைத்தார். தன்னை அங்கேயே, தன் பழைய ஆசான் அமோனின் காலடியில் புதைக்கும்படி கேட்டுக்கொண்டார். உயிரோடு இருந்திருந்தால் அங்கே புதைபட்டிருக்க மாட்டார் என்று அரசவையில் ஒருவர் கிண்டலடித்தாராம். பிக்கார், மகன் லூயி இருவருடைய ரசீனும் அந்தக் கிண்டலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 1711இல், மடத்தை மன்னர் இடித்தழித்த வேளையில், எலும்புகளைப் பாரிஸுக்கு எடுத்துவந்து சன்-தெத்தியேன்-து-மோன் தேவாலயத்தில் சேர்த்தார்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதச் சொன்ன மன்னரின் வரலாறு? ரசீன் இறந்தபின் அந்தப் பொறுப்பும் தாள்களும் வலன்கூர் என்பவரிடம் போயின. 1726 ஜனவரியில் சன்-க்ளூவிலிருந்த அவர் வீட்டில் தீப்பிடித்தது. வலன்கூர் ஒரு கூலியாள் கையில் 20 லூயி பொற்காசைத் திணித்து, நெருப்புக்குள் புகுந்து கையெழுத்துப் படிகளை எடுத்துவரச் சொன்னாராம். அவன் உள்ளே போய் ஒரு தாள்கட்டை அள்ளிக்கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தால் பழைய செய்தித்தாள்கள்.